விடாத கை

மகளுக்குப் பருப்பு சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. பேசியவர் என் கணவருடன் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளும் இன்னொரு மாணவர். "அண்ணி, பயப்படாதீங்க, அவர் நல்லா இருக்கார். ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்துடுங்க" என்று இந்தியில் சொன்னார். நல்லா இருப்பவரைப் பார்க்க ஏன் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டேன். குழந்தையின் வாயைத் துடைத்தேன். அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்த்தேன். கதவைப் பூட்டிய பிறகு திறந்து மறுபடி பார்த்தேன்.

மாடிப்படியில் கீழ்வீட்டு வங்காளிப் பெரியம்மா, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிறவர், நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அன்றைக்கு அவளை யார் கையிலும் விட மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கிருமிகளுக்கு நடுவே ஒரு வயதுகூட ஆகாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது சரியா என்று டாக்ஸியில் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டே போனேன். தெருவெல்லாம் துர்கா பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் நட ஆரம்பித்திருந்தார்கள். கரியாஹாட் முனையில் வண்டி நகரவே இல்லை. இங்கே அண்ணனைக் கூப்பிடுவதுபோல் ஓட்டுநரிடம், "தாதா, கொஞ்சம் சீக்கிரம்" என்றேன். "பறக்கவா சொல்றீங்க தீதி?" என்று சிரித்தார் அவர். அவருக்கு என்ன தெரியும்.

என் கணவர் இந்த ஊரின் சால்ட் லேக் பகுதியில் மென்பொருள் வேலையில் இருந்தவர். கல்யாணமான புதிதிலேயே, ஹெலிகாப்டர் ஓட்ட வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து உள்ள ஆசை என்று சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இயற்பியல் படித்தவள் என்பதால் அவருடைய பாடப் புத்தகங்கள் எனக்கும் பிடித்துப்போயின. நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில் இருந்த பயிற்சித் திடலுக்கு அவர் விடியலில் கிளம்பிப் போவார். மாலையில் குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டே நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்வார்.

"ஹெலிகாப்டரோட ஒரு பக்கக் கால் தரையில மாட்டி, வண்டி சாய ஆரம்பிக்குது. என்ன பண்ணுவீங்க?"

"இடது கை லீவரை இறக்கணும். மெதுவா. மேல இழுக்கவே கூடாது."

"ஏன் இழுக்கக் கூடாது?"

"இழுத்தா மேல சுத்துற இறக்கைக்குத் தூக்குற சக்தி கூடும். மாட்டின காலையே அச்சா வெச்சுக் கவுந்துடும்."

ஒருமுறைகூட இந்தக் கேள்விக்கு அவர் தப்பாகப் பதில் சொன்னதில்லை.

மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது தோளில் கட்டுப் போட்டிருந்தார்கள். சட்டையெல்லாம் சேறு. உயிரோடு, கண் திறந்து, உட்கார்ந்திருந்தார். அந்த நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். குழந்தையோடு அவர் மேல் சாய்ந்து அழுதேன். அவர் என்னைத் தொடவில்லை. "சார் உள்ள இருக்கார்" என்றார். "தலையில அடி. ஆபரேஷன் நடக்குது."

சார் என்றது அவருடைய பயிற்சியாளரை. ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்ற வங்காளி. நான் அவரை அதுவரை பார்த்ததில்லை, ஆனால் அவருடைய கிண்டல்கள் எல்லாம் என் வீட்டுக்குள் வந்திருந்தன. கணவர் ஸ்டிக்கை இறுகப் பிடித்தால், "என்னப்பா மதராஸி, இது என்ன மினிபஸ்ஸா, கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டு வர்றதுக்கு? விரலால தொடு, போதும்" என்பாராம். நன்றாக ஓட்டிய நாளில், "இன்னிக்கு உனக்கு மீன் சாப்பிடற தகுதி வந்துடுச்சு" என்பாராம். நாங்கள் மீன் சாப்பிடாதவர்கள் என்பது அவருக்குத் தீராத வேடிக்கை.

எதிர்ப் பெஞ்சில் ஒரு பெண்மணி தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் வங்காளத்துச் சுமங்கலிகள் போடும் சங்கு வளை. மடியில் ஒரு ஆணின் கைக்கடிகாரமும் மூக்குக் கண்ணாடியும். சாரின் மனைவி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் சந்தோஷத்தில் அழுததையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அறுவை சிகிச்சை முடிந்தும் சாருக்கு நினைவு திரும்பவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்தார்கள். என் கணவரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தோள்பட்டை எலும்பில் விரிசல், வேறொன்றும் இல்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிட மறுத்தார். பால்கனியில் நாற்காலியைப் போட்டு, பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு வந்து போகும் ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை, நான் கேட்காமலேயே சொன்னார்.

தரையிலிருந்து ஆளுயரத்தில் அசையாமல் நிற்கும் பயிற்சி. முந்தின நாள் மழையில் திடல் ஊறிக் கிடந்தது. இறங்கும்போது, சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் இரண்டு நீளக் குழாய்க் கால்களில் இடது பக்கத்துக் கால் முதலில் சேற்றில் இறங்கிச் சிக்கியது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. லீவரை இறக்க வேண்டிய அந்த நொடியில் அவர் இழுத்துவிட்டார்.

"தரை மேல வர்ற மாதிரி இருந்துச்சு. தரையை விட்டு ஓடணும்னு கை இழுத்துடுச்சு."

"அதைச் சரி பண்ணத்தானே சார் பக்கத்துல இருக்கார்? அவர்கிட்டயும் ஒரு லீவர் இருக்குமே."

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை ஒருமுறை சிணுங்கி அடங்கியது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டரில் இரண்டு பேருக்கும் லீவர் உண்டு, ஆனால் இரண்டும் ஒரே தண்டோடு இணைந்தவை. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். அதனால் ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "கண்ட்ரோல் என்னிடம்" என்று பயிற்சியாளர் சொன்னால், மாணவன் கையை எடுத்துவிட்டு, "கண்ட்ரோல் உங்களிடம்" என்று பதில் சொல்ல வேண்டும். கை எடுத்த பிறகுதான் பதில். எங்கள் வீட்டில் இது விளையாட்டாகியிருந்தது. குழந்தையை நான் அவரிடம் தரும்போதெல்லாம் இருவரும் ஆங்கிலத்தில் இதைச் சொல்லிச் சிரிப்போம்.

"சார் சொன்னாரு. நானும் பதில் சொன்னேன்," என்றார். "சத்தமாவே சொன்னேன். ஆனா கையை எடுக்கல."

"பயத்துல…"

"அவர் கீழ தள்ளறது என் கையில தெரிஞ்சுது. நான் மேல பிடிச்சிட்டிருந்தேன். அவர் அவ்ளோ பலமா தள்றாரு, நான் அதைவிட பலமா பிடிச்சிட்டிருக்கேன். எனக்கு அது தெரியுது. தெரிஞ்சும் கை திறக்க மாட்டேங்குது."

வண்டி சார் உட்கார்ந்திருந்த இடது பக்கமாகக் கவிழ்ந்தது. இறக்கை தரையில் அடித்து முறிந்து, அவர் பக்கத்துக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பயத்துல லீவரை இழுத்துட்டேன்னு சொன்னேன். கையை விடலங்கிறதைச் சொல்லல. விசாரிச்சவங்க முன்னாடி அது மட்டும் வாய்க்கு வரல."

"சொல்லாதீங்க" என்றேன். யோசிக்காமல் வந்தது. "இப்ப வேண்டாம். அவர் கண்ணு முழிக்கட்டும்."

"முழிக்கலைன்னா?"

எழுந்து உள்ளே போய்ச் சாதம் பிசைந்தேன். அவர் சாப்பிடவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை.

திருச்சியிலிருந்து அம்மா போன் செய்தார். பாதியைத்தான் சொன்னேன், மீதியை அவரே ஊகித்துக்கொண்டார். "மாப்பிள்ளை வாயைத் தொறக்க வேணாம்னு சொல்லு. வேணும்னா பண்ணாரு? போலீசு அது இதுன்னு ஆனா, புள்ளைய வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ, பாஷை தெரியாத ஊர்ல?" அம்மா சொன்னது நியாயமாகத்தான் பட்டது. போனை வைத்த பிறகு அநியாயமாகப் பட்டது. அடுப்படியில் நின்றால் ஒரு மாதிரியும், பால்கனியில் கணவரின் முதுகைப் பார்த்தால் வேறு மாதிரியும் பட்டது.

அவர் மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தார். துணி எடுக்கப் போகிறேன் என்பார். அதற்கு முன் அவர் ஒருநாளும் துணி எடுத்ததில்லை. எங்கள் கட்டடத்து மாடியின் கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக்கூட வராது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். கொடிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, "வெயில் நல்லா இருக்குல்ல?" என்பது போல எதையாவது சொல்வேன்.

"எதுக்கு வர்றே?" என்றார் ஒருமுறை.

"சும்மாதான்."

"நான் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன்."

"நான் அப்படி நினைக்கலையே."

"நினைக்கிறே."

அவர் கீழே இறங்கிப் போன பிறகு, குழந்தையை இடுக்கிக்கொண்டு அந்தச் சுவரோரம் உட்கார்ந்தேன். சார் பிழைத்தால்தான் இவர் பிழைப்பார் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. மருத்துவர்களிடம் கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை. ஆனால் சாரின் மனைவியிடம் போய் உட்காரலாம்.

அதனால் தினமும் போனேன். மாஷிமாவை என் கணவர் கூடவே வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, குழந்தையோடு போவேன். எலுமிச்சை சாதமோ இட்லியோ எடுத்துப்போவேன். சாரின் மனைவியை பௌதி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். இங்கே அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள். எங்களுக்குள் இந்தியும் அரைகுறை வங்காளமுமாகப் பேச்சு ஓடும்.

"இதென்ன, மஞ்சளாப் புளிக்குது?"

"எலுமிச்சை சாதம் பௌதி."

"நோயாளிக்கு நாங்க கொடுக்கறதை நீங்க தினமும் சாப்பிடறீங்களா? பாவம்." சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிட்டார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "உன் அப்பா எப்படி இருக்கான்? கை வலிக்குதாமா?" என்று அவளிடம் கேட்பார். என் கணவர் மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கற்றுக்கொள்கிறவன் தப்புப் பண்ணுவான், அதுக்குத்தானே கத்துக்கறான் என்றார். அவருடைய கேள்வி வேறாக இருந்தது.

"இத்தனை வருஷமா எத்தனை பசங்க கவுக்கப் பார்த்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் இவர் வாங்கிக் காப்பாத்திட்டு வந்து சிரிச்சுட்டே சொல்வாரு. இந்தத் தடவை ஏன் முடியல?"

நான் குழந்தையின் சாக்ஸைச் சரி செய்தேன்.

"எனக்குத் தெரியும் ஏன்னு. அன்னிக்குக் காலைல ரெண்டு பிடி பொரி, டீ. அவ்வளவுதான். சர்க்கரை மாத்திரையைப் போட்டுட்டுக் கிளம்பிட்டாரு. நான் குளிச்சிட்டு இருந்தேன், கத்தினேன், சாப்பிட்டுப் போங்கன்னு. கதவு சாத்தற சத்தம்தான் கேட்டுச்சு. சர்க்கரை இறங்கினா கை மெதுவாத்தானே வரும்? நான் வெளிய வந்து தடுத்திருக்கணும்."

"அப்படி இருக்காது பௌதி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியும் என்று சொல்ல அது ஒரு வாய்ப்பு. நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது மனதில் ஒன்று ஓடியது. சார் கண் விழிக்காமலே போய்விட்டால் அந்தக் கையைப் பற்றி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நொடிதான். குழந்தை பௌதியின் மடியில் இருக்கும்போதே அப்படி நினைத்தேன். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். முகம் கழுவவில்லை, சும்மா நின்றேன்.

அடுத்த நாள் போனபோது பௌதி என்னை எதிர்பார்த்துக் காத்திருந்தது போல இருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரிகள் காலையில் அவரைப் பார்த்துப் பேசியிருந்தார்கள்.

"மாணவன் லீவரை இழுத்தது தப்புதான், ஆனா பயிற்சியாளர் சரியான நேரத்துல வாங்கினாரான்னு கேட்டாங்க. நான் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"சர்க்கரை விஷயத்தை. சாப்பிடாமப் போனதை. அவர் ஆபீசுல இதையெல்லாம் முழுசா சொல்லியிருக்க மாட்டாரு, பறக்க விட மாட்டாங்கன்னு." பௌதி அழவில்லை. "ஒரு சின்னப் பையன் தலையில முழுசாப் போட்டுட்டுப் போகக் கூடாது இல்லையா? அவனுக்கும் கைக்குழந்தை இருக்கு. உண்மையைச் சொல்லிடணும். அவர் எழுந்து வந்தா என்னைத் திட்டுவாரு. திட்டட்டும்."

எப்படி விடை பெற்றேன் என்று நினைவில்லை. வரும் வழியெல்லாம் குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்திருக்கிறேன். அவள் அழுததைக்கூட ஓட்டுநர்தான் திரும்பிப் பார்த்துச் சொன்னார். எங்களைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனுஷி தன் கணவரின் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் உள்ளே குழாய்களோடு கிடக்கிறார், இல்லை என்று சொல்ல முடியாமல்.

வீட்டில் என் கணவர் அதே நாற்காலியில் இருந்தார். மாஷிமா பக்கத்தில் பிரம்பு முக்காலியில் உட்கார்ந்து, கேட்கிறாரா இல்லையா என்று கவலைப்படாமல், தன் மருமகளைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தையை மாஷிமா மடியில் வைத்தேன்.

"கிளம்புங்க," என்றேன் கணவரிடம்.

"எங்க?"

"பௌதிகிட்ட. எல்லாத்தையும் சொல்லிடுங்க."

"நீதானே வேண்டாம்னே?"

"ஆமா. இப்ப சொல்றேன், வாங்க."

அவர் எழுந்த வேகம் எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாளும் யாராவது வந்து எழுப்பட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தாரோ என்னவோ. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார், நான்தான் சரியாகப் போடச் சொன்னேன். இதைச் சொன்ன பிறகு இவர் என்ன ஆவார் என்று படியிறங்கும்போதே எனக்குள் ஆரம்பித்துவிட்டது. திரும்பிவிடலாம் என்று டாக்ஸியில் பாதி வழியில் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கட்டுப் போடாத கையின் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. கூடம் முழுக்க ஆட்கள். பௌதி எங்கள் இருவரையும் பார்த்ததும், "வா, வா, உட்காரு. ஏன் இப்படி இளைச்சிட்டே?" என்று அவருக்கு இடம் விட்டு நகர்ந்தார். அவர் உட்காரவில்லை.

"பௌதி, சார் லேட்டா வாங்கல. சரியான நேரத்துல வாங்கினாரு."

"என்ன?"

"கண்ட்ரோல் என்னிடம்னு சொன்னாரு. நானும் கொடுத்துட்டேன்னு சொன்னேன். ஆனா நான் விடல. லீவரைப் பிடிச்சிட்டேதான் இருந்தேன். அவர் கீழ தள்ளினாரு. நான் விடல."

பௌதி அவரையே பார்த்தார். புரியவில்லையோ என்று நான் வங்காளத்தில் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அவர் கை மெதுவா இல்லை?"

"இல்லை."

"சர்க்கரை இறங்கியிருக்கலை?"

"அவர் அவ்வளவு பலமா தள்ளினாரு பௌதி. எனக்கு இப்பவும் கையில தெரியுது."

அப்போதுதான் அவர் அழுதார். இத்தனை நாள் பார்த்ததில் முதல் தடவை. அழுகைக்கு நடுவே, "நான் போய் அவரைப் பத்தி அப்படிச் சொல்லிட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தோளைத் தொடப் போனேன். தட்டிவிட்டார்.

"நீ தெரிஞ்சுதான் இங்க வந்து உட்கார்ந்திருந்தியா? தினமும்?"

"ஆமா பௌதி."

"நான் பொரியைப் பத்தி அழுதேன். நீ கேட்டுட்டு உட்கார்ந்திருந்தே."

பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பௌதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிக அமைதியாக, "போங்க. நாளைக்கு அந்த அதிகாரிகள்கிட்ட இதை அப்படியே சொல்லு. என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, சரியான நேரத்துல வாங்கினார்னு சொல்லு. அப்புறம் இந்தப் பக்கம் வராதீங்க. ரெண்டு பேரும்" என்றார்.

மறுநாள் அவர் போய்ச் சொன்னார். சொன்னதை எழுதிக்கொண்டார்கள். மாணவரின் தவறு என்று அறிக்கையில் வரும் என்றார்கள். மேற்கொண்டு என்னவென்று இன்னும் தெரியாது. அன்று மாலை அவர் இரண்டு தோசை சாப்பிட்டார். மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். அழுகிறவரைப் பார்க்க, வெறித்துக்கொண்டு இருந்தவரைப் பார்த்ததைவிட எனக்குப் பரவாயில்லையாக இருந்தது. இன்னும் மாடிக்குப் போகிறார். நானும் இன்னும் பின்னால் போகிறேன்.

பௌதி சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டோம். ஆனால் தினமும் காலையில், குழந்தை தூங்கும் நேரத்தில், ஆஸ்பத்திரியின் தகவல் மேசைக்கு போன் செய்கிறேன். தொந்தரவு செய்கிறேனோ என்று இருக்கிறது. செய்யாமலும் இருக்க முடியவில்லை. என் கணவர் எதிரில் நின்று, சொல், என்பதுபோல் பார்க்கிறார்.

மேசையில் இருக்கும் பெண் எப்போதும் முதலில் அதையே கேட்கிறாள்: "நீங்க நோயாளிக்கு என்ன வேணும்?"

சொந்தம் என்று முதல் நாள் பொய் சொன்னேன். மறுநாள் மாணவரின் மனைவி என்றேன், தகவல் தர முடியாது என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு மறுபடி சொந்தம் என்றேன்.

இன்றைக்குக் காலையில், கண்ணைத் திறந்திருக்கிறார் என்றாள்.

"பேசினாரா? யாரையாவது அடையாளம் தெரிஞ்சுதா?"

"அதெல்லாம் டாக்டரைத்தான் கேக்கணும். கண்ணைத் திறந்திருக்காரு, அவ்வளவுதான் எழுதியிருக்கு."

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். "மறுபடி போன் பண்ணிக் கேளு" என்றார். "சரியாக் கேட்டியா? கண்ணைத் திறந்தாருன்னுதான் சொன்னாங்களா?"

சரியாகக் கேட்டேனா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. மறுபடி எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.